திருச்சியில் மனை, வீடு வாங்க: அட்வான்ஸுக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

மனையைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுவதற்குள் "டோக்கன் அட்வான்ஸா ஒரு ஐம்பதாயிரம் போட்டு வச்சிடுங்க, நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்ற பேச்சு வந்துவிடும். அந்தப் பணத்தைக் கொடுத்த நிமிடத்திலிருந்து வாங்குகிறவரின் கண் மாறிப்போகிறது. அதன்பிறகு பத்திரத்தில் எந்தக் குறை தெரிந்தாலும் 'சரி பண்ணிக்கலாம்' என்றுதான் மனம் சொல்லும். அதனால் கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே அட்வான்ஸுக்கு முந்தையவை. மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். மனையின் விலையோடு பார்த்தால் செலவு மிகச் சிறிது. இன்னொரு பார்ட்டி வாங்கிக்கொண்டு போனால் போகட்டும், திருச்சியில் மனைக்குப் பஞ்சமில்லை.

இந்த ஊருக்கு இவ்வளவு கவனம் ஏன் வேண்டும்? உறையூர் முற்காலச் சோழர் தலைநகர். நிலம் இங்கே கோயிலுக்கும் மடத்துக்கும் தர்காவுக்கும் தானமாகவும் இனாமாகவும் (வரிச்சலுகை மானியமாகவும்) நூற்றாண்டுக்கணக்கில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, தண்ணீர். முக்கொம்பில் காவிரி பிரிந்து கொள்ளிடம் வடக்கே போகிறது. இரண்டுக்கும் நடுவே தீவாக ஸ்ரீரங்கம். தெற்கே உய்யக்கொண்டான், கோரையாறு, குடமுருட்டி என்று வாய்க்காலும் காட்டாறும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. இதற்கு மேல் இப்போது வளர்ச்சி வேகம் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூனில் விமான நிலையத்தின் புது முனையம் செயல்பாட்டுக்கு வந்தது, 2025இல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறந்தது. நேற்றுவரை வயலும் தரிசுமாகக் கிடந்த இடத்தில் கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள்.

முதல் நாள்: வீட்டிலிருந்தே பார்க்கக் கூடியவை

விற்பவரிடம் கேட்க வேண்டியது விலை அல்ல. சர்வே எண், உட்பிரிவு எண், கிராமம், கடைசிப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும். மாநகருக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண். இவற்றைத் தரத் தயங்குகிறவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) என்ன என்று பாருங்கள், கட்டணமில்லை. வில்லங்கச் சான்றை (அந்தச் சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்) கணினியில் எவ்வளவு பின்னோக்கிக் கிடைக்கிறதோ அவ்வளவுக்கும் எடுங்கள். பத்திர எண்ணை மட்டும் போட்டு எடுத்த வில்லங்கம் போதாது, சர்வே எண்ணைப் போட்டும் எடுக்க வேண்டும். ஒரே சர்வே எண்ணில் வேறொருவர் வேறொரு மூலத்திலிருந்து விற்றுக்கொண்டிருப்பது அப்போதுதான் வெளியே வரும். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய பழைய எண்ணுக்கும் தனியாக எடுக்க வேண்டும். கணினிக்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுக் கைப்பட எழுதிய வில்லங்கம் வாங்கலாம். பல கிராமங்கள் காலப்போக்கில் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. பழைய அலுவலகத்தில் தேடாமல் விட்டால் நடுவில் பத்து வருடம் காணாமல் போகும்.

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய கிராமக் கணக்கு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) இந்த நான்கையும் வருவாய்த்துறை இணையச் சேவையில் எடுக்கலாம். நகர அளவை முடிந்த பகுதிக்கு டிஎஸ்எல்ஆர் எனப்படும் நகர நில அளவைப் பதிவேட்டின் சாரம்.

வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்றால் சொத்து சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகம், நீதிமன்ற வழக்கு, வரி பாக்கி எதுவும் அதில் வராது. இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டுத் திருச்சி நீதிமன்றங்களில் தேடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதம் மாறுபடுவதால் இரண்டு, மூன்று எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்.

அடிமண் யாருக்கு?

திருச்சியில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில், மலைக்கோட்டை, உறையூர் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். "அடிமனை நீங்கலாக", "மேல்கட்டடம் மட்டும்" என்ற சொற்கள் அங்கே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தரை கோயிலுக்கு, சுவரும் கூரையும் மட்டும் விற்பவருக்கு. வங்கிக் கடன் கிடைப்பது கடினம். இடித்துக் கட்ட அனுமதி கேட்டால் நிலத்தின் உரிமையாளரான கோயிலின் இசைவைக் கேட்பார்கள். விற்பவர் கோயிலுக்குத் தரை வாடகை கட்டிய ரசீது ஏதாவது பழைய காகிதக் கட்டில் தென்பட்டால் அதுவே போதிய அடையாளம்.

பத்திரத்தில் ஒன்றுமே சொல்லாமல் முழு உரிமை போல எழுதிய சொத்துகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றிய அடையவளஞ்சான் பகுதியில், தலைமுறைகளாகக் கிரயமாகி வந்த வீடுகளுக்கே கோயில் நில உரிமைக் கோரிக்கையால் பதிவு சிக்கலாகியிருக்கிறது. கோயில் நிலத்தை விற்க அறநிலையத்துறைச் சட்டம் 34ஆம் பிரிவின்படி ஆணையர் அனுமதி வேண்டும். கோயில் நிலத்தை மீட்க அதே சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி காலவரம்பும் கிடையாது. "அறுபது வருஷமா எங்க அனுபவத்துல இருக்கு" என்பது மற்ற வழக்கில் எடுபடலாம், இங்கே எடுபடாது. வக்ஃபு (இஸ்லாமிய அறக்கட்டளை) சொத்துக்கும் காலவரம்பு விஷயத்தில் இதே நிலை இருந்தது, 2025 வக்ஃபு திருத்தச் சட்டம் அந்த விலக்கை நீக்கிவிட்டது.

2022இல் முக்கொம்புக்குப் பக்கத்துத் திருச்செந்துறையில் நிலம் விற்கப் போனவரிடம் வக்ஃபு வாரியத் தடையின்மைச் சான்று கேட்கப்பட்டது. ஊர் நிலத்துக்கு வக்ஃபு வாரியம் உரிமை கோருவது அதன்பிறகுதான் மற்றவர்களுக்கும் தெரிந்தது. கோரிக்கை சரியா தவறா என்பது வேறு கேள்வி. வாங்குகிறவர் செய்ய வேண்டியது எளிது: அட்வான்ஸுக்கு முன்பு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய், அந்த சர்வே எண் பதிவுக்குத் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறதா, மதிப்பு 'பூஜ்யம்' ஆக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்கீழ் கோயில், வக்ஃபு, அரசு நிலங்களைப் பதிய மறுக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு உண்டு. அறநிலையத்துறை இணையதளத்தில் கோயில்வாரியாக நில விவரமும் இருக்கிறது. அந்த வட்டாரக் கோயில்களின் பட்டியலில் உங்கள் சர்வே எண் வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

பழைய இனாம் கிராமம் என்றால் வழக்கறிஞர் இன்னொரு படி பின்னால் போக வேண்டும். 1963ஆம் ஆண்டு சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் யாருக்கு ரயத்துவாரிப் பட்டா (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் உரிமைப் பட்டா) கொடுக்கப்பட்டது என்பதுதான் அங்கே மூலம். கோயிலுக்குக் கொடுத்திருந்தால் அதற்குப் பிறகு எத்தனை தனியார் கிரயம் நடந்திருந்தாலும் பயனில்லை. 1980களில் நடந்த யூடிஆர் என்னும் நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் பெயர் தவறாக ஏறிய நிலங்கள் ஏராளம். இப்போதைய பட்டாவை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், யூடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டு நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் "புறம்போக்கு", "வாய்க்கால்", "தேவதாயம்" (கோயில் மானியம்) என்றிருந்து, இன்று தனியார் பட்டாவாக இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. பஞ்சமி நிலம், நிபந்தனையோடு ஒப்படைத்த அரசு நிலம் இரண்டும் அந்தப் பதிவேட்டில்தான் தெரியும்.

மாநகரை ஒட்டிய பகுதிகளில் இன்னும் இரண்டு கேள்விகள். 1978ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் திருச்சி சேர்ந்திருந்தது. சட்டம் 1999இல் நீக்கப்பட்டாலும், அதற்குள் அரசு கையகப்படுத்திய நிலம் அரசுடையதுதான். அடுத்தது நில எடுப்பு: அரைவட்டச் சாலை, விமான ஓடுதள விரிவாக்கம் போன்றவற்றுக்கு அறிவிப்பான சர்வே எண்களா என்று நில எடுப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

தண்ணீர் எந்த வழியாக வரும்?

திருச்சிக்கு இரண்டு வகை வெள்ளம். ஜூலை, ஆகஸ்ட்டில் கர்நாடகத்தில் மழை பெய்து மேட்டூர் நிரம்பினால் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வருவது ஒன்று. அது வருவதற்கு முன்பே தெரியும், பெரும்பகுதி முக்கொம்பிலிருந்து கொள்ளிடம் வழியாகத் திருப்பி விடப்படும். 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு கொள்ளிடம் கதவணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது இப்படிப்பட்ட வெள்ளத்தில்தான். இரண்டாவது வகை ஆபத்தானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ளூரிலும் மணப்பாறை, விராலிமலை பக்கத்திலும் பெய்யும் மழை கோரையாறு, அரியாறு வழியாகச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். குடமுருட்டி வழியாக அது காவிரியில் சேர வேண்டும். காவிரியே அப்போது நிறைந்து ஓடினால் தண்ணீர் வடியாமல் எதிர்த்து ஏறும். 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் ஊர் மூழ்கியதற்கு இந்தக் காட்டாறுகளே பெரிய காரணம்.

ஆகவே 'காவிரி ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு' என்பது பதிலாகாது. மனைக்கு மிக அருகில் உள்ள காட்டாறு, வாய்க்கால், ஏரியின் கலிங்கு எது, அதிலிருந்து வழியும் நீர் எந்தப் பக்கம் போகும் என்பதே கேள்வி. புலப்படத்தில் வாய்க்காலும் ஓடையும் கோடாகக் குறித்திருக்கும். அந்தக் கோடு இன்று மண்ணில் எங்கே இருக்கிறது என்று நடந்து பாருங்கள். கோடு படத்தில் இருந்து, நிலத்தில் லேஅவுட் சாலையாகிவிட்டிருந்தால் அடுத்த பெருமழையில் தண்ணீருக்கு அந்தச் சாலைதான் வாய்க்கால்.

மனையை வெயில் நாளில் மட்டும் பார்க்காதீர்கள். மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரைக் குனிந்து பாருங்கள். சுண்ணாம்பு உதிர்ந்து, பழுப்புக் கோடு ஒன்று ஒரே மட்டத்தில் சுவர் நெடுகப் போயிருந்தால் அது நீர் நின்ற மட்டம். புதிதாகக் கட்டியவர்கள் தெருமட்டத்திலிருந்து நாலடி, ஐந்தடி உயர்த்தி அடித்தளம் போட்டிருந்தால் அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், பால்காரர், மூத்த குடியிருப்பாளர் என்று மூன்று பேரிடம் தனித்தனியாக ஒரே கேள்வி: "2005ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" மூவரும் முட்டிவரை என்றால் முட்டிவரைதான். விற்பவர் சொல்லும் பதில் கணக்கில் சேராது.

பெரிய லேஅவுட்டுக்கு அனுமதி தரும்போது வெள்ள அபாயம் பற்றி நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று பெற்றிருப்பார்கள். அதன் நகலைக் கேளுங்கள். தரையை எவ்வளவு மீட்டர் உயர்த்தி நிரவ வேண்டும் என்ற நிபந்தனை அதில் எழுதியிருக்கும். விற்பவர் அவ்வளவு உயர்த்தியிருக்கிறாரா என்பதை ஒரு லெவல் மெஷின் வைத்திருக்கும் சர்வேயர் அரை நாளில் சொல்லிவிடுவார்.

மண்ணையும் பார்க்க வேண்டும். உய்யக்கொண்டான், கட்டளை வாய்க்கால் பாசனத்தில் இருந்த நஞ்சை நிலத்தில் மேலே மூன்று, நான்கு அடி கிராவல் கொட்டி மனை பிரித்திருப்பார்கள். அடியில் களிமண் அப்படியே இருக்கும். கொட்டிய மண்ணின் மீது அஸ்திவாரம் நிற்காது, கடினமான மண் வரை தோண்டியே ஆக வேண்டும். வாங்குவதற்கு முன் விற்பவர் சம்மதத்தோடு மனையின் ஓரத்தில் ஆறேழு அடி ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி எடுங்கள். எத்தனை அடிவரை கொட்டின மண், எந்த ஆழத்தில் களி, ஊற்று எங்கே தொடங்குகிறது என்பது கண்ணால் தெரியும். கட்டுமானப் பொறியாளரிடம் அந்தக் குழியைக் காட்டி, அஸ்திவாரச் செலவு எவ்வளவு கூடும் என்று கேட்டு, அந்தத் தொகையை மனை விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவான மனை மலிவாக இல்லாமல் போவது பல நேரம் இங்கேதான்.

பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் கணக்கு

பத்திரம் சதுர அடியிலும் சென்ட்டிலும் பேசும். பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். நகர அளவைப் பதிவு சதுர மீட்டரில். டெல்டாப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் குழி, மா, வேலி வரும்: 100 குழி ஒரு மா, ஒரு மா சுமார் 33 சென்ட், 20 மா ஒரு வேலி. இவற்றை ஒரே அளவுக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிட முடியும்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. பத்திரத்தில் 2,400 சதுர அடி என்றிருந்தால் பட்டாவில் 2.23 ஏர் இருக்க வேண்டும். அங்கே 2.00 என்று இருந்தால் 2,153 சதுர அடிதான். சுமார் 247 சதுர அடி குறைகிறது. சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 4 லட்சத்து 94 ஆயிரம். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய.

அளவுகளைப் பத்திரம் "வடபுறமும் தென்புறமும் கிழமேல் ஜாதியடி 40, கீழ்புறமும் மேல்புறமும் தென்வடல் ஜாதியடி 60" என்று சொல்லும். ஜாதியடி என்பது பத்திர மொழியில் அடி. நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மனை சாய்ந்த கட்டமாக இருந்தால் பரப்பு குறையும். அதைப் பிடிக்க ஒரு வழி: டேப்பை மூலைக்கு மூலை பிடியுங்கள். 40க்கு 60 சரியான கட்டம் என்றால் இரண்டு மூலைவிட்டமும் 72 அடி 1 அங்குலம் சொச்சம் இருக்கும். ஒன்று 70, இன்னொன்று 74 என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. பரப்பு வித்தியாசம் சிறிதாக இருந்தாலும், வீடு கட்டும்போது பக்கவாட்டு இடைவெளியில் அது இடிக்கும்.

எல்லையில் சந்தேகம் இருந்தால் அரசு சர்வேயரை வைத்து எல்லை காட்டச் சொல்லி விற்பவர் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், இணையத்திலேயே செய்யலாம். பக்கத்து மனைக்காரர்கள் முன்னிலையில் கல் நட வேண்டும். அவர்கள் இல்லாமல் நட்ட கல் இரவோடு இரவாக நகரும்.

தாய்ப் பத்திரத்திலிருந்து (சொத்தின் மூலப் பத்திரம்) தொடர்ச்சியைப் பாருங்கள். வாங்கியவரே விற்றால் சிக்கல் குறைவு. வாரிசுகள் விற்றால் கவனம் பல மடங்கு. வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், கட்டிக் கொடுத்த மகள்கள் உட்பட. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் சட்டமானது. "அக்காவுக்கு அப்பவே நகை போட்டாச்சு" என்ற வார்த்தை எந்த நீதிமன்றத்திலும் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக் கொடுக்கும் பத்திரம்) ஆகாது. பங்குதாரரில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் பங்கை விற்க முடியாது. அப்படி விற்றது செல்லாது என்று அவர் மேஜரான பின் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.

பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்து விற்பவர் என்றால் பவர் கொடுத்தவரை நேரிலோ வீடியோ அழைப்பிலோ பார்க்காமல் நகரக் கூடாது. கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்தது. அவர் உயிரோடு இருப்பதற்கான சான்று பதிவுக்கு முந்தைய 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பவரை வாங்கிக்கொண்டே சொத்து வாங்கியதாக நினைப்பவர்களுக்கு: அது உரிமை மாற்றம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம்.

புது லேஅவுட் மனை

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இரண்டையும் விளம்பரப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு ரெரா தளத்தில் தேடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, 8 வீட்டுக்கு மேற்பட்ட குடியிருப்பு இரண்டுக்கும் ரெரா பதிவு கட்டாயம். அங்கே ஏற்றியிருக்கும் வரைபடத்தோடு தரையைப் பொருத்திப் பாருங்கள். பூங்கா என்று குறித்த இடத்தில் புதிதாக மனை முளைத்திருக்கிறதா, 30 அடிச் சாலை என்று காட்டியது 20 அடியாகச் சுருங்கியிருக்கிறதா என்று டேப்பை வைத்தே தெரிந்துவிடும். சாலையும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பத்திர எண்ணைக் கேளுங்கள், வில்லங்கத்தில் அது தெரியும்.

அனுமதியில்லா மனை என்றால் வரன்முறைப்படுத்தும் வழி, 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கானது. அதற்குப் பின் பிரித்த அனுமதியற்ற மனையை 'அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்' என்று விற்றால் வாங்காதீர்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்பதும் அனுமதியாகாது.

பஞ்சப்பூர் பக்கம் பார்க்கிறவர்கள் அங்கிருக்கும் மாநகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், மாலை நேரக் காற்று எந்தத் திசை என்பதை ஒரு மணி நேரம் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. குடிநீர்க் குழாய் வந்துவிட்டதா, வரும் என்கிறார்களா என்பதும் அப்படித்தான். வராத இடத்தில் ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தையும் தண்ணீரின் உப்பையும் பக்கத்து வீட்டில் கேட்டு, ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

பழைய வீடு, அடுக்ககம்

மலைக்கோட்டைக் குடைவரைகள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வேண்டும். மலையடிவாரத் தெருவில் பழைய வீட்டை 'இடிச்சிட்டு நாலு மாடி போட்டுக்கலாம்' என்ற பேச்சை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பது வீண். விமான நிலையத்தின் பக்கமோ பெரிய கோயில்களின் அருகிலோ வாங்கினால் கட்டட உயரக் கட்டுப்பாட்டை உள்ளூர்த் திட்டக் குழுமத்தில் முதலிலேயே கேளுங்கள்.

பழைய வீடுகளில் பொதுச்சுவர், பொதுக்கிணறு, கொல்லைப்புற வழி ஆகியவை நான்கெல்லையில் வரும். அவற்றின் பாத்தியதை உங்களுக்கும் எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

அடுக்ககத்தில் பார்க்க வேண்டியது பிரிபடாத நிலப்பங்கு, அதாவது மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கு. எல்லா வீட்டுப் பங்கையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டக் கூடாது. பணி நிறைவுச் சான்று இல்லாத கட்டடத்தில் மின், குடிநீர் இணைப்புகளுக்குத் திண்டாட வேண்டும். அனுமதி வரைபடத்தில் மூன்று மாடி, தரையில் நான்கு மாடி என்றால் அந்த நான்காவது மாடியை வாங்காதீர்கள்.

பணம், அக்ரிமென்ட், பதிவு நாள்

சொத்துச் சட்டத்தில் பழகிய, விற்பவருக்கோ புரோக்கருக்கோ சம்பந்தமில்லாத வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகுதான் அக்ரிமென்ட். வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார் என்று விட்டுவிட வேண்டாம், அவர் பார்ப்பது வங்கியின் பணத்தை. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். ரெராவில் பதிவான திட்டத்தில் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இன்ன குறை தெரிந்தால் இத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்ற வரி இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் தண்டம் உண்டு.

செலவுக் கணக்கு: முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு சதுர அடி 2,000, மனை 1,200 சதுர அடி என்றால் 24 லட்சம். அதில் 9 சதவீதம் 2,16,000 ரூபாய். நீங்கள் கொடுக்கும் விலை அதைவிட அதிகம் என்றால் உண்மையான விலைக்கே தீர்வை. வழிகாட்டி மதிப்பைவிடக் குறைத்துப் போட்டால் முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் முத்திரைக் கட்டணத் தனித்துணை ஆட்சியருக்குப் போய், பத்திரம் கையில் வர மாதக்கணக்காகும். பெண்கள் பெயரில் 10 லட்சம் மதிப்புக்குள் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குகிறவரே 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது.

பதிவு நாளுக்கு முந்தைய மாலை மறுபடி ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அட்வான்ஸுக்கும் பதிவுக்கும் இடையில் வேறொருவருக்கு அடமானம் வைத்துவிட்டவர்கள் உண்டு. வரைவுப் பத்திரத்தில் சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு, பெயர்களை விரல் வைத்துப் படியுங்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டியிருக்கும், அதற்கு விற்பவர் மறுபடி வர வேண்டும். காலிமனைக்கு இருப்பிட ஆயத்தொலைவோடு (ஜிபிஎஸ் எண்கள்) புகைப்படம் இணைக்க வேண்டும். படம் உங்கள் மனையில் எடுத்ததுதானா என்று நீங்களே பாருங்கள்.

உட்பிரிவு தேவைப்படாத சொத்தில் பட்டா பெயர் தானாக மாறும், உட்பிரிவு வேண்டுமென்றால் சர்வேயர் அளந்த பிறகு. இரண்டு மாதம் கழித்துப் பட்டாவைத் திறந்து பார்த்து, உங்கள் பெயரும் பரப்பும் சரியா என்று உறுதி செய்யுங்கள். சொத்துவரி, காலிமனை வரி, மின்இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவை தனித்தனியாக மாற்ற வேண்டியவை.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து திருச்சியில் வாங்குகிறவர்கள் கவனிக்க: வெளிநாட்டுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்காது. பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று நிற்கும் இடத்துக்கு மனை அனுமதி இருக்கிறதா என்பதை அதனால் இருமுறை பார்க்க வேண்டும். ஊரில் இருப்பவருக்குப் பவர் அனுப்பினால் இந்தச் சொத்தை வாங்கிப் பதிய மட்டும் என்று சர்வே எண்ணோடு குறுக்கி எழுதி, இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பதிவு முடிந்ததும் நான்கு மூலையிலும் கல் ஊன்றி, கம்பி வேலி போட்டு, காலிமனை வரியை ஆண்டுதோறும் உங்கள் பெயரிலேயே கட்டி ரசீது வாங்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு மூலைக் கல்லும் தெரியும்படி புகைப்படம் கேட்டு வாங்குங்கள்.